டொனாட்டோ மேஜையைத் தட்டினால்

அந்த மின்சார அடுப்பை வாங்கிப் போட்டவன் எவனோ, அவன் நன்றாகவே இருக்க மாட்டான். சூடாவதற்குள் ஒரு பிரசவம் பார்த்துவிடலாம். வெண்ணெய்த் துண்டு சட்டி நடுவில் அசையாமல் கிடந்தது. நான் அதை முறைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நசுக்கிய பூண்டுப் பல், உறைந்த கீரைப் பொட்டலங்கள் மூன்று, ஒரு டப்பா க்ரீம், துருவிய சீஸ், என் கோட்டுப் பையில் ஜாதிக்காய். எல்லாம் வீட்டிலிருந்து நானே சுமந்துவந்தவை.

பக்கவாதம் வந்தவர்களைத் தேற்றி வீட்டுக்கு அனுப்பும் இடம் என்று பெயர் வைத்திருந்தார்கள். தாழ்வாரக் கடைசியில் குடும்பத்தாருக்கென்று ஒரு சமையலறை. மைக்ரோவேவில் சோளம் பொரிக்கத்தான் யாராவது எட்டிப் பார்ப்பார்கள். அடுப்பைத் தொட்டவள் நான் ஒருத்திதான். அதனால்தான் அதற்கு அவ்வளவு திமிர்.

அந்த ஞாயிறு மதியம் என் புருஷன் டொனாட்டோ சாப்பிட்டாக வேண்டும். ஒரு கிண்ணம், தன் கையால், லிடியாவின் கண் முன்னால். சாப்பிடாவிட்டால் மறுநாள் காலையில் வண்டி வரும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வயிற்றில் துளை போட்டுக் குழாய் செருகிவிடுவார்கள். அதற்குப் பிறகு வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள், குழாய் போட்டவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ள வேறொரு இடம் உண்டாம். கிரான்ஸ்டனில் எங்கள் வீட்டு அடுக்களையில், அவரே பதித்த பச்சை டைல்ஸுக்கு முன்னால் போட்டிருக்கும் மேஜையில், அவர் இனி உட்காரவே மாட்டார்.

லிடியா, விழுங்கப் பழக்கிக் கொடுக்கும் பெண். போர்ச்சுகீசுக்காரி, வயது என் மகளைவிடக் குறைவு. நல்ல பெண், திட்டவும் மனசு வராது. அதுவே எனக்கு எரிச்சல். முந்தின நாள் என்னைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போய் மெதுவாகச் சொன்னாள்.

"தொண்டையில ஒரு குறையும் இல்லம்மா. கெட்டியாக்கின ஜூஸ் குடிக்கிறார்ல, சுத்தமா இறங்குது. சாப்பாட்டைக் கொண்டுபோனாதான் மூஞ்சியைத் திருப்பிக்கிறார். முடியாம இல்ல. வேணாங்கிறார்."

"என் புருஷனா? சாப்பாட்டையா?"

"சில பேர் அப்படி ஆயிடுவாங்கம்மா."

என் மகள் ரெனாட்டா இன்னும் ஒரு படி மேலே போனாள். வேலை முடிந்து சாயங்காலம் வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், கார் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு கால்மணி நேரம் நிற்பவள் அவள். "அம்மா, அப்பா முடிவு பண்ணிட்டார்மா. நீதான் ஒத்துக்க மாட்டேங்குற. குழாயாவது போடுவோம். அவர் பட்டினி கிடந்து போறதை என்னால பார்த்துட்டு இருக்க முடியாது" என்றாள். நான் அவளை வாயில் வந்தபடி திட்டினேன். வீட்டுக்குப் போய் அந்தப் பச்சை டைல்ஸைப் பார்த்துக்கொண்டு அழுதேன். இத்தனை வருஷம் கூட இருந்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போய்விட முடிவு செய்துவிட்டாரா இந்த மனுஷன்?

வெண்ணெய் ஒருவழியாக உருகியது. பூண்டைப் போட்டேன்.

இந்தக் கீரையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இத்தாலியில் எவனும் இப்படிக் கீரை சமைக்க மாட்டான். கல்யாணமான புதிதில் ஒரு க்ரீம் டப்பாவின் முதுகில் 'இத்தாலிய பாணியில் விரைவுக் கீரை' என்று அச்சடித்திருந்ததைப் பார்த்துச் செய்தேன். டொனாட்டோவின் அம்மா இத்தாலியில், இத்ரி என்கிற ஊரில் பிறந்தவள். கிண்ணத்தைப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டாள். "கீரைக்கு எண்ணெய் உண்டு, பூண்டு உண்டு. க்ரீம் எதுக்குடி? அதுக்கு என்ன காய்ச்சலா?" என்றாள். டொனாட்டோ மட்டும் பேசாமல் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மதியம் இறைச்சிக்குப் பக்கத்தில் இந்தக் கீரை இல்லாமல் எங்கள் வீட்டு மேஜை இருந்ததில்லை.

லிடியாவே இதற்குத் தலையசைத்திருந்தாள். தண்ணீராக இருந்தால் நுரையீரலுக்குள் போய்விடும், வறட்டுச் சாப்பாடு தொண்டையில் நின்றுவிடும். க்ரீம் போட்டால் கீரை ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கும். "கரண்டியைச் சாய்ச்சா மொத்தமா நழுவி விழணும்மா. ஒழுகக் கூடாது, நூல் இழுக்கவும் கூடாது" என்று சொல்லியிருந்தாள்.

பூண்டு பொன்னிறமானதும் எடுத்துத் தூர எறிந்தேன். கீரையைக் கைப்பிடிக்குள் வைத்து, அந்த அடுப்பு வாங்கினவன் கழுத்தென்று நினைத்துக்கொண்டு பிழிந்தேன். சட்டியில் போட்டு வதக்கி, க்ரீமை ஊற்றி, அது தளதளவென்று கொதித்துச் சுண்டியதும் அடுப்பைவிட்டு இறக்கி, சீஸைத் தூவிக் கிளறினேன். மேலே ஜாதிக்காயை நாலு இழுப்பு. அவ்வளவுதான். இதைவிடச் சீக்கிரமாக ஒரு கறி செய்ய முடியாது. மணம் தாழ்வாரம் முழுக்கப் போனது. எதிர் அறைக் கிழவர் "எனக்கு இல்லையா?" என்று கத்தினார். கத்தட்டும், அவருக்காவது பசிக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

டொனாட்டோ சன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். முன்னால் உருட்டு மேஜை. பக்கத்தில் வந்தவர்கள் உட்கார ஒரு நாற்காலி, அதில் என் கைப்பை, கோட்டு, மருந்துப் பை எல்லாம் குவிந்திருக்கும். மூலையில் மூடி போட்ட கழிப்பறை நாற்காலி. வலது கை மடியில் செத்துக் கிடந்தது. இடது கை மட்டும் மேஜை மேல் இருந்தது.

அந்த இடது கையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவர் டைல்ஸ் பதிக்கிறவர். பதித்து முடித்ததும் விரல் முட்டியால் ஒவ்வொன்றாகத் தட்டி, அடியில் பொள்ளலாக இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்பார். அந்தப் பழக்கம் கையோடு ஒட்டிக்கொண்டது. தர்பூசணியைத் தட்டுவார், காரைத் தட்டுவார், சாப்பாட்டு மேஜையையும் தட்டுவார். டக் டக். தட்டினால் எனக்குப் புரியும். கேட்கவே மாட்டேன். சீஸ் இல்லையா, ஓடிப்போய்ச் சீஸ் கொண்டுவருவேன். ரொட்டி வேண்டுமா, ரொட்டி. பேச்சுப் போன பிறகு அந்த முட்டிதான் அவருக்கு வாய். "இங்க இருக்கிற யாருக்கும் புரியாது. எனக்கு மட்டும்தான் அவர் தட்டுறது புரியும்" என்று நர்சுகளிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

கிண்ணத்தை அவர் முன்னால் வைத்தேன். ஸ்பூனை இடது கைப் பக்கம் வைத்தேன்.

"இந்தா பாரு, யார் வந்திருக்கா! உன் கீரை. சூடு ஆறிடும், எடு."

கீரையைப் பார்த்தார். பார்த்தார் என்றால், கண்ணில் அந்தப் பழைய பளபளப்பு வந்தது. சத்தியமாக வந்தது. பிறகு என்னைப் பார்த்தார். முட்டியால் மேஜையைத் தட்டினார். டக் டக்.

"சீஸ்! மறந்துட்டேன் பாரு, புத்தி கெட்டவ." ஓடினேன். சமையலறையிலிருந்து டப்பாவோடு வந்து மேலே தூவினேன். "இப்ப சாப்பிடுய்யா."

டக் டக்.

"உப்பா? உனக்கு உப்புக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கான். சரி, ஒரே ஒரு சிட்டிகை, யாருக்கும் தெரிய வேணாம்." மறுபடி ஓட்டம்.

டக் டக் டக்.

"ரொட்டியா? ரொட்டி விழுங்க முடியாதுய்யா உனக்கு. சரி, பக்கத்துல வெச்சாவது பார்த்துக்கோ." கீழ்த்தளத்துக்குப் போய் ஒரு துண்டு ரொட்டி வாங்கிவந்து பக்கத்தில் வைத்தேன். ஜாதிக்காயா? இன்னும் இழைத்தேன். கண்ணில் வெயில் படுகிறதா? திரையை இழுத்தேன். கழுத்துத் துண்டு இறுக்கமா? அவிழ்த்துக் கட்டினேன். ஒவ்வொரு தடவையும் அவர் முகம் இருண்டுகொண்டே போனது. நான் ஸ்பூனில் அள்ளி வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனபோது சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குள் கீரை ஆறிப்போனது. மைக்ரோவேவில் வைத்து எடுத்தால் எண்ணெய் தனியாக மிதந்தது. சீஸ் நூல் நூலாக இழுத்தது. அதைக் கொடுத்தால் தொண்டையில் சிக்கி ஆளே போய்விடுவார். குப்பையில் கொட்டினேன். பொட்டலம் ஒன்று போயிற்று.

இரண்டாவது பொட்டலத்தைப் பிழிய ஆரம்பித்தேன். லிடியா வாசலில் தலையை நீட்டி, "எப்படிப் போகுதும்மா?" என்றாள்.

"பசி வந்திருக்கு. கண்ணுல தெரியுது."

"சாப்பிட்டாரா?"

"சாப்பிடுவார். நீ போய்ட்டு வா."

அவள் முகத்தைப் பார்த்தேன். பரிதாபப்பட்டாள். எனக்கு அவளை அந்தச் சட்டியால் அடிக்க வேண்டும்போல் இருந்தது.

மறுபடி வெண்ணெய், பூண்டு, கீரை. இந்தத் தடவை எல்லாவற்றையும் ஒரே தட்டத்தில் அடுக்கிக்கொண்டு போனேன். சீஸ், உப்பு, மிளகு, ரொட்டி, தண்ணீர் கெட்டியாக்கும் பொடி, துடைக்கத் துணி. எதற்குத் தட்டினாலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும் என்று. கிண்ணத்தை அவர் முன்னால் வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றேன்.

"எல்லாம் இருக்கு. இனிமே நீ எதையும் கேட்க முடியாது. சாப்பிடு."

என்னைப் பார்த்தார். டக் டக்.

"என்னய்யா வேணும்?"

டக் டக் டக்.

"சொல்லித் தொலையேன்! எதைக் காட்டுற? இதுவா? இதுவா? எல்லாத்தையும்தான் கொண்டாந்து கொட்டியிருக்கேனே!" என் குரல் தாழ்வாரம் வரைக்கும் போயிருக்கும். "நாளைக்கு உன் வயித்தைக் கிழிக்கப் போறானுங்க, உனக்குப் புரியுதா இல்லையா? ஒரு வாய்! ஒரே ஒரு வாய், டொனாட்டோ! என் மூஞ்சிக்காக!"

அவர் கண்ணை மூடிக்கொண்டு தட்டினார். டக் டக் டக் டக். ஓயாமல்.

காலையிலிருந்து ஒரு வாய்க் காப்பிகூடக் குடிக்காதவள் நான். நாற்காலியில் இருந்த கைப்பை, கோட்டு, மருந்துப் பை எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் தரையில் தள்ளிவிட்டு, தொப்பென்று விழுந்தேன்.

"வேணாமா? உனக்கு வேணாம்ல? சரி. நான் திங்கிறேன். நீ போ. போறதுன்னா தாராளமா போ. நான் இங்கயே உட்கார்ந்து தின்னுட்டுக் கெடக்கேன்!"

கிண்ணத்தை என் பக்கம் இழுத்து, தட்டத்தில் கிடந்த, கீரை கிளறின கரண்டியாலேயே அள்ளி வாயில் போட்டேன். அழுதுகொண்டே தின்றேன். மூக்கு ஒழுக, கன்னமெல்லாம் க்ரீம் ஒட்டத் தின்றேன். அதுவும் நன்றாக இருந்தது. அதுதான் கொடுமை. அவ்வளவு பசி எனக்கு இருந்ததே அப்போதுதான் தெரிந்தது.

தட்டல் நின்றிருந்தது. நான் உடனே கவனிக்கவில்லை. நிமிர்ந்தபோது அவர் இடது கையில் ஸ்பூன் இருந்தது. கை ஆடியது. கிண்ணத்தின் விளிம்பில் இடித்தது. கொஞ்சம் கீரையை அள்ளியது. லிடியா சொல்லிக்கொடுத்த மாதிரியே தாடையைத் தாழ்த்தி, வாயில் வைத்தார். தொண்டை மேலே போய்க் கீழே வந்தது.

எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. எழுந்து ஓடி லிடியாவைக் கூப்பிட வேண்டும் என்று துடித்தேன். அசைந்தால் நிறுத்திவிடுவாரோ என்று பயம். நர்சைக் கூப்பிடும் பெல் கயிறு கட்டிலுக்கு அந்தப் பக்கம் தொங்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தேன். அவர் இன்னொரு வாய் எடுத்தார். நிறுத்தி, என்னைப் பார்த்தார். நானும் ஒரு வாய் எடுத்தேன். பிறகு அவர். கிண்ணம் காலியாகும் வரை இப்படியே மாறி மாறி எடுத்தோம். ஜாதிக்காய் இந்தத் தடவை சரியாக விழுந்திருக்கிறது என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். முட்டாள்.

வாசலில் லிடியாவும் ரெனாட்டாவும் ஒன்றாக வந்து நின்றார்கள்.

"சாப்பிட்டுட்டார்!" என்று கத்திக்கொண்டு எழுந்தேன். "கிண்ணத்தைப் பாரு! தன் கையால! தானே அள்ளி!"

லிடியா காலிக் கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு என் வாயைப் பார்த்தாள். ரெனாட்டாவும் பார்த்தாள். நான் கையால் துடைத்தேன், புறங்கை முழுக்கக் க்ரீம்.

"அம்மா..." என்றாள் ரெனாட்டா. அந்த 'அம்மா'வை நான் அவளுக்கு ஒரு வயதில் சொல்லிக்கொடுத்தது அப்படிச் சொல்வதற்காக இல்லை.

"பாதி நான் தின்னேன். பாதி அவர். ரெண்டு பேரும் சேர்ந்து."

"சரிம்மா. உட்காரு. நீ ரொம்பக் களைச்சிருக்க."

"என்னைப் பைத்தியம்னு நினைக்கிறியாடி?"

"நான் அப்படிச் சொல்லல."

"உன் அப்பாவைக் கேளு! டொனாட்டோ, சொல்லு, தலையாவது ஆட்டு!" அவர் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதட்டோரத்தில் ஒரு பச்சைத் துணுக்கு ஒட்டியிருந்தது. அதைக் காட்டினேன்.

லிடியா பெருமூச்சு விட்டாள். "நீங்க ஊட்டப் பார்த்தப்ப ஒட்டியிருக்கலாம்மா. நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லல. நான் பார்க்கல, அவ்வளவுதான். பார்க்காததை டாக்டர்கிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

"அப்ப இன்னொரு தடவை பாரு."

"இன்னும் இருக்கா?"

"பண்றேன். நீ ஒரு ஆளைப் பார்த்துட்டு வர்றதுக்குள்ள பண்ணிடுவேன்."

அவள் ரெனாட்டாவைப் பார்த்தாள். ரெனாட்டா தரையைப் பார்த்தாள். "பக்கத்து ரூமுக்குப் போயிட்டு வர்றேம்மா. அதுக்கப்புறம் டாக்டருக்கு ஃபோன் பண்ணியாகணும். அதுக்கு மேல என்னால தள்ளிப்போட முடியாது" என்றாள் லிடியா.

தட்டத்தை அப்படியே தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன். ரெனாட்டா பின்னாலேயே வந்தாள். கடைசிப் பொட்டலத்தைத் தண்ணீரில் போட்டுவிட்டுக் க்ரீம் டப்பாவைத் தூக்கினால் காற்று மாதிரி கனமே இல்லை. கவிழ்த்தேன். ரெண்டு சொட்டு. க்ரீம் இல்லாவிட்டால் இந்தக் கீரை வெறும் தழை. பிடிக்காது, இறங்காது, லிடியா கொடுக்கவே விட மாட்டாள்.

"அம்மா, போதும்மா" என்றாள் ரெனாட்டா. "அவரை விட்டுடு. நீயும் விட்டுடு."

நான் குளிர்ப்பெட்டியைத் திறந்தேன். யார் யாரோ வைத்திருந்த டப்பாக்கள். ஒரு மூலையில் க்ரீம் சீஸ், மூடியில் கறுப்பு மையில் 'ட்ரேசியுடையது. தொடாதே' என்று எழுதியிருந்தது.

"அம்மா! அது வேற யாரோடதோ!"

"ட்ரேசி வந்து என்னைத் தூக்குல போடட்டும். மூடியைத் திற."

"அம்மா..."

"திறடி! உன் அப்பா பொழைக்கிறதைவிட ட்ரேசியோட ரொட்டிக்குத் தடவுறது பெரிசா?"

திறந்தாள். ஒரு பெரிய கரண்டி அள்ளினேன். கீரையில் போட்டு, பெட்டியிலிருந்த யாருடையதோ பாலையும் கொஞ்சம் ஊற்றிக் கடைந்தேன். கட்டி கட்டியாக நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி கடைந்தேன். மெல்ல மெல்ல உருகி, கீரையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டது. கரண்டியைச் சாய்த்தேன். மொத்தமாக நழுவி விழுந்தது. ஒழுகவில்லை. நூல் இழுக்கவில்லை. ஜாதிக்காயை இழைத்துவிட்டுக் கிண்ணமும் கரண்டியுமாக ஓடினேன்.

லிடியா ஏற்கெனவே வந்து நின்றிருந்தாள், கைகளைக் கட்டிக்கொண்டு. ரெனாட்டா வாசலில், கோட்டோடு, சாவியோடு. நான் கிண்ணத்தை அவர் முன்னால் வைத்துவிட்டு, என் வழக்கமான இடத்தில், அவர் தோளுக்குப் பின்னால் நின்றேன். வாய்க்குள் மாதாவை வேண்டிக்கொண்டேன்.

டொனாட்டோ கிண்ணத்தைப் பார்த்தார். தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

டக் டக்.

லிடியா மெதுவாகத் தலையாட்டினாள். கண்ணில் தண்ணீர் நின்றது அவளுக்கு. "பரவால்லம்மா" என்றாள்.

"இரு, இரு! சீஸ்! இதுல சீஸ் போடல, அதான்! ஒரு நிமிஷம்!" வாசலுக்குப் பாய்ந்தேன். ரெனாட்டா வழியில் நின்றாள்.

"எங்கம்மா ஓடுற?"

"சீஸுக்குடி! தட்டுறார், கேட்கலையா? வழியை விடு!"

"சீஸா?" அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "அப்பா சீஸுக்கா தட்டுறார்?"

"பின்ன எதுக்கு?"

"உன்னை உட்காரச் சொல்லித் தட்டுறார்மா. எப்பவும் அதுக்குத்தானே தட்டுவார்?"

"யாருடி சொன்னா?"

"யார் சொல்லணும்? வீட்டுல எல்லாருக்கும் தெரியும். சமைச்சவ உட்காராம அவங்க அம்மா வீட்டுல யாரும் கை வைக்க மாட்டாங்களாம். நீ வெச்சுட்டு நிப்ப. அப்பா தட்டுவார். நீ எழுந்து ஓடி, சீஸைக் கொண்டாந்து வெப்ப. அவர் எங்களைப் பார்த்துத் தோளைக் குலுக்குவார். அப்புறம் சீஸைப் போட்டுக்குவார். உனக்குத் தெரியும்னு நினைச்சோம்மா. தெரிஞ்சேதான் உட்கார மாட்டேங்கிறேன்னு நினைச்சோம்."

டொனாட்டோவிடம் திரும்பினேன்.

"அதுக்கா? இத்தனை வருஷமா அதுக்கா தட்டின? வாய் இருந்தப்ப சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல!"

"சொன்னார்மா" என்றாள் ரெனாட்டா. இப்போது அவள் அழுதுகொண்டிருந்தாள். "ஒவ்வொரு ஞாயிறும், 'உட்காரு எர்சீலியா'ன்னு சொன்னார். நீ, 'இதோ வந்துட்டேன், நீ ஆரம்பி, ஆறிடும்'னு சொல்லுவ. அவரும் ஆரம்பிச்சிடுவார்."

ஆமாம். ஆரம்பித்துவிடுவார். நான் சொன்னால் விட்டுக்கொடுத்துவிடுகிற மனுஷன் அவர். இப்போது என்னோடு வாக்குவாதம் செய்ய வாயும் இல்லை, விட்டுக்கொடுக்கவும் அவருக்கு மனசு வரவில்லை. இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நானோ அறைக்கும் அடுப்புக்கும் ஓடி ஓடி, வேளைக்கு வேளை தலைமாட்டில் நின்று ஊட்டி, அவரைப் பட்டினி போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

தரையில் கிடந்த பையைக் காலால் தள்ளிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தேன். அவருக்கு நேர் எதிரில், முழங்கால் முழங்காலில் இடிக்க.

"உட்கார்ந்துட்டேன். பாரு. போதுமா?"

அவர் முகம் தளர்ந்தது. ஸ்பூனை எடுத்தார். எடுத்த கையை அப்படியே நிறுத்தி, வாசலைப் பார்த்தார். ஸ்பூன் காம்பாலேயே மேஜையைத் தட்டினார். டக் டக்.

"நீயும்தாண்டி!" என்றேன். "கோட்டைக் கழட்டிட்டு உட்காரு!"

ரெனாட்டா கோட்டைக் கழற்றினாள். சாவியைக் கட்டிலில் எறிந்துவிட்டு அதன் விளிம்பில் உட்கார்ந்தாள். டொனாட்டோ லிடியாவைப் பார்த்தார். டக் டக்.

"நான் நின்னுதாங்க பார்க்கணும்" என்றாள் லிடியா.

"நின்னா நீ ஒண்ணும் பார்க்கப் போறதில்ல. உட்காரும்மா!"

அவள் சுற்றிலும் பார்த்தாள். வேறு எதுவும் இல்லை. கழிப்பறை நாற்காலியின் மூடியைத் தட்டிப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி முழங்காலைச் சேர்த்துக்கொண்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

டொனாட்டோ கீரையை அள்ளினார். தாடையைத் தாழ்த்தினார். விழுங்கினார். இன்னொரு வாய். லிடியா முன்னால் சாய்ந்து அவர் தொண்டையையே பார்த்தாள், அவள் உதடுகள் என்னவோ முணுமுணுத்தன. மூன்றாவது வாய்க்குப் பிறகு, உட்கார்ந்த இடத்திலிருந்தே, பையிலிருந்து ஃபோனை எடுத்தாள். "நாளைக்கு வண்டி வேணாம் டாக்டர். ஆமாம், நானே பார்த்துட்டு இருக்கேன். தானாத்தான்" என்றாள். ரெனாட்டா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

அவர் நிறுத்தி, கிண்ணத்தை முட்டியால் என் பக்கம் நகர்த்தினார். நான் என் கரண்டியால் ஒரு வாய் எடுத்துப் போட்டேன். ட்ரேசியின் க்ரீம் சீஸ் கொஞ்சம் புளித்தது. உண்மையிலேயே சீஸ் போதவில்லை, ஒரு கை தூவியிருந்தால் எடுத்துக்கொடுத்திருக்கும். டப்பா சமையலறை மேடைமேல்தான் இருந்தது, மூடிகூடப் போடாமல். என் கால் தானாக நாற்காலிக்கு அடியில் நகர்ந்தது. டொனாட்டோ என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவர் கை மேஜைமேல் தயாராக இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை.